ஸ்பியர்ஃபிஷ் மீன் பொரிப்பகம்: அரை மணி நேரம் போதாது

அமெரிக்காவில் மவுண்ட் ரஷ்மோர் பார்க்கக் குடும்பத்தோடு போகிறோம், ஏழு வயதிலும் பதினொரு வயதிலும் இரண்டு பிள்ளைகள், கூட மாமியாரும் வருகிறார், ஸ்பியர்ஃபிஷ் ஊரில் பழைய மீன் பொரிப்பகம் (மீன் முட்டையைப் பொரிக்க வைத்துக் குஞ்சு வளர்க்கும் இடம்) ஒன்றை அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்களாமே, தூண்டில் பிடித்தே பழக்கமில்லாத எங்களுக்கு அது பிடிக்குமா, போகிற வழியில் அரை மணி நேரம் நிறுத்தினால் போதுமா என்று கேட்டிருந்தீர்கள்.

பிடிக்கும். ஆனால் அரை மணி நேரம் போதாது. குறைந்தது இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள், முடிந்தால் அரை நாள். அரை மணி நேரத்தில் குளத்தைச் சுற்றி வந்து மீனுக்குத் தீனி போட்டுவிட்டுக் கிளம்பலாம். நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். அவர்களுக்கு அது அழகான ஒரு மீன் குளம், அவ்வளவுதான். அந்த இடத்தில் நிஜமாகவே பார்க்க வேண்டியது ஒரு முட்டையின் கதை. பட்டாணி அளவுகூட இல்லாத முட்டை ஒன்று எப்படிக் கைகளால் எடுக்கப்பட்டு, எண்ணப்பட்டு, காவல் காக்கப்பட்டு, ரயிலேறி, முன்பு அந்த இனமே இல்லாத ஓர் ஓடையில் மீனாக நீந்தியது என்கிற கதை. நான் மீன் வளர்ப்பு படித்தவன், மூன்று முறை அங்கே போயிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் புதிதாக ஏதோ கண்ணில் பட்டது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் அது என்ன இடம் என்று சொல்லிவிடுகிறேன். முழுப் பெயர் டி.சி. பூத் வரலாற்று தேசிய மீன் பொரிப்பகம். சவுத் டகோட்டா மாநிலத்தின் மேற்கு ஓரத்தில், பிளாக் ஹில்ஸ் மலைகளின் வடக்கு விளிம்பில் இருக்கிறது ஸ்பியர்ஃபிஷ். மீன் குத்தும் ஈட்டிதான் ஊரின் பெயர். அங்கே ஓடும் ஓடையில் பழங்குடி மக்கள் ஈட்டியால் மீன் குத்திப் பிடித்ததால் வந்த பெயர் என்பார்கள். பொரிப்பகத்தை 1896-ல் நிறுவினார்கள். 1899-ல் வேலை தொடங்கியது. முதல் கண்காணிப்பாளர் டெவிட் கிளிண்டன் பூத். பல ஆண்டுகள் அவர் பொறுப்பில் இருந்தார். பிற்பாடு அவர் பெயரையே பொரிப்பகத்துக்கும் வைத்துவிட்டார்கள்.

அந்த மலையில் மீன் பொரிப்பகம் எதற்கு என்று பதினொரு வயதுப் பிள்ளை கேட்கக்கூடும். கேட்டால் இப்படிச் சொல்லுங்கள். பிளாக் ஹில்ஸ் ஓடைகள் குளிர்ந்த, தெளிந்த, வேகமான நீர். ட்ரவுட் மீனுக்கென்றே அமைந்த நீர் என்று சொல்லலாம். ஆனால் அந்த ஓடைகளில் ட்ரவுட் இயற்கையாக இருந்ததே இல்லை. சுற்றிலும் நூற்றுக்கணக்கான மைல் புல்வெளி. அங்கே ஓடும் ஆறுகள் கோடையில் சூடாகி, கலங்கி ஓடும். குளிர்நீர் மீன் அந்த வழியாக ஏறி வர முடியாது. அமெரிக்க அரசு செய்த 1868 உடன்படிக்கையின்படி அந்த மலை லகோட்டா பழங்குடி மக்களுக்கு உரியது. 1874-ல் கஸ்டர் என்ற அமெரிக்க ராணுவ அதிகாரியின் படை அங்கே தங்கம் இருப்பதாகச் செய்தி அனுப்பியது. உடன்படிக்கை காற்றில் போனது, கூட்டம் கூட்டமாகச் சுரங்கக்காரர்கள் வந்து இறங்கினார்கள். ஊர்கள் முளைத்தன. வந்தவர்களுக்கு உணவும் வேண்டும், தங்கள் சொந்த ஊர் ஓடைகளில் பிடித்த மீனும் வேண்டும். மத்திய அரசிடம் அதற்கு ஆள் இருந்தது. 1871-ல் தொடங்கிய அமெரிக்க மீன் ஆணையம், ஸ்பென்சர் பேர்ட் என்கிற விஞ்ஞானியைத் தலைவராகக் கொண்டு நாடு முழுக்கப் பொரிப்பகங்கள் கட்டும் வேலையில் இறங்கியிருந்தது. அந்த வரிசையில் வந்ததுதான் ஸ்பியர்ஃபிஷ். இன்று அந்த மலையோடைகளில் தூண்டில் போடுகிறவர்கள் பிடிக்கும் ட்ரவுட் எல்லாமே மனிதர் கொண்டுவந்து விட்ட இனங்களின் வழி வந்தவை.

இப்போது பார்க்கும் வரிசை. இதில் மட்டும் நான் கொஞ்சம் பிடிவாதமாகச் சொல்வேன்: குளத்துக்கு முதலில் போகாதீர்கள். முதல் முறை நான் ஒரு நண்பரின் குடும்பத்தோடு போனபோது குளத்தில்தான் தொடங்கினோம். பிள்ளைகள் மீனை விட்டு நகரவே இல்லை, அருங்காட்சியகம் சாத்தும் நேரமாகிவிட்டது. அதனால் நேராகப் பழைய பொரிப்பகக் கட்டடத்துக்குப் போங்கள். 1899-ஆம் ஆண்டின் மரக் கட்டடம் அது. உள்ளே இருப்பது வான் பேயர் மீன் வளர்ப்பு அருங்காட்சியகம். ஹெக்டர் வான் பேயர் என்பவர் மீன் ஆணையத்தில் பொறியாளராக இருந்தவர். அவர் பெயரை ஏன் வைத்தார்கள் என்பது உள்ளே போனால் புரியும்.

ட்ரவுட் முட்டையைப் பொரிக்க வைப்பது எப்படி என்று தெரிந்துகொண்டு போனால் அங்கே இருக்கும் ஒவ்வொரு சாமானும் பேச ஆரம்பிக்கும். சினை முற்றிய பெண் மீனை ஈரக் கையில் பிடித்து, வயிற்றை மெதுவாகப் பின்னோக்கி வருடினால் முட்டைகள் ஒரு பாத்திரத்தில் உதிரும். ஒரு கிலோ எடையுள்ள வானவில் ட்ரவுட் ஏறத்தாழ 2000 முட்டை தரும். அதன்மேல் ஆண் மீனின் விந்தையும் அதேபோல் பிழிந்து விடுவார்கள். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பாத்திரத்தில் அப்போது தண்ணீர் இருக்கக் கூடாது. ஆற்றில் வாழும் மீனின் முட்டை தண்ணீரில்தான் சேர வேண்டும் என்று ஆரம்பத்தில் எல்லோரும் நினைத்தார்கள், முட்டைகளில் பெரும்பகுதி வீணாகப் போயிற்று. தண்ணீர் பட்டதும் ட்ரவுட் விந்தின் உயிர்த்துடிப்பு ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடும். முட்டையும் தண்ணீரை உறிஞ்சி, தன்மேல் இருக்கும் நுண்துளையை மூடிக்கொள்ளும். அதனால் உலர்ந்த பாத்திரத்தில் இரண்டையும் கலந்துவிட்டு, அப்புறம் தண்ணீர் ஊற்ற வேண்டும். ரஷ்யாவில் விராஸ்கி என்பவர் 1850-களில் இதைக் கண்டுபிடித்தார். இந்த ஒரே மாற்றத்தால் கரு தரிக்கும் முட்டைகளின் அளவு பல மடங்கு கூடியது. எனக்குத் தெரிந்து மீன் வளர்ப்பு வரலாற்றில் இவ்வளவு எளிய, இவ்வளவு பெரிய பலன் தந்த கண்டுபிடிப்பு வேறில்லை.

அடுத்தது தொட்டிகள். நீளமான, ஆழமில்லாத தொட்டிகளில் தட்டுத் தட்டாக முட்டைகளைப் பரப்பி, ஊற்றுத் தண்ணீரை இடைவிடாமல் ஓடவிடுவார்கள். தண்ணீர் 10 டிகிரி செல்சியஸ் என்றால் வானவில் ட்ரவுட் முட்டை பொரிய ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். தண்ணீர் இன்னும் குளிர்ந்திருந்தால் நாள் நீளும். இந்த ஒரு மாதத்தில் முதல் இரண்டு நாளுக்குப் பிறகு வரும் பருவம்தான் ஆபத்தானது. அப்போது தட்டைக் கொஞ்சம் வேகமாக நகர்த்தினாலே கரு செத்துவிடும். பிறகு ஒரு நாள் முட்டைக்குள் இரண்டு கரும்புள்ளிகள் தெரியும். அவை குஞ்சின் கண்கள். கண் தெரிந்த பிறகு முட்டை உறுதியாகிவிடும், எடுக்கலாம், கழுவலாம், ஊர் விட்டு ஊர் அனுப்பலாம். ஈரப் பாசியில் பொதிந்து, பனிக்கட்டி வைத்த மரப்பெட்டிகளில் அடுக்கிக் கடல் தாண்டியே அனுப்பியிருக்கிறார்கள். 1883-ல் ஜெர்மனியிலிருந்து பழுப்பு ட்ரவுட் அமெரிக்காவுக்கு வந்தது இப்படி முட்டையாகத்தான். பரோன் ஃபான் பேர் என்ற ஜெர்மானியர் அனுப்பினார், நியூயார்க்கின் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பரில் பிரெட் மேதர் என்பவர் வாங்கிப் பொரிக்க வைத்தார்.

அந்த ஒரு மாதமும் செய்ய வேண்டிய இன்னொரு வேலை, செத்த முட்டையைப் பொறுக்குவது. உயிருள்ள முட்டை ஒளி ஊடுருவும் இளஞ்சிவப்பாகவோ ஆரஞ்சாகவோ இருக்கும். செத்தது பால் வெள்ளையாகிவிடும். அதை விட்டுவைத்தால் பஞ்சு போலப் பூஞ்சை கிளம்பி, பக்கத்திலிருக்கும் நல்ல முட்டைகளையும் சேர்த்துப் பின்னிக்கொள்ளும். அதனால் தினமும் உட்கார்ந்து சிறு இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டும். முட்டைகளை அலுங்காமல் புரட்டப் பறவையின் இறகைப் பயன்படுத்தினார்கள். உங்கள் மாமியாரிடம் இதை மட்டும் சொல்லிப் பாருங்கள். முறத்தில் அரிசி பரப்பிக் கல் பொறுக்கிய கைக்கு இந்த வேலையின் அருமை வேறு யாரையும்விட நன்றாகப் புரியும். லட்சக்கணக்கான முட்டை, குளிர்ந்த நீர், குளிர்காலம், நாள் முழுக்க நனைந்த விரல்கள்.

வான் பேயருக்கு வருகிறேன். லட்சக்கணக்கான முட்டைகளை எப்படி எண்ணுவது? ஒரு பொரிப்பகம் இன்னொன்றுக்கு ஐம்பதாயிரம் முட்டை அனுப்ப வேண்டும் என்றால் ஐம்பதாயிரம் என்று எப்படித் தெரியும்? அவர் 12 அங்குல நீளமுள்ள, ஆங்கில வி எழுத்தின் வடிவில் ஒரு சிறு வாய்க்கால் செய்தார். அதில் முட்டைகளை ஒன்றையொன்று தொடும்படி ஒற்றை வரிசையாக அடுக்கி, எத்தனை பிடிக்கிறது என்று பார்க்க வேண்டும். 60 பிடித்தால் ஒரு முட்டையின் விட்டம் ஓர் அங்குலத்தில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது ஏறக்குறைய 5 மில்லிமீட்டர். விட்டம் தெரிந்தால் ஒரு படி அளவில் எத்தனை முட்டை இருக்கும் என்பதை அவர் போட்டு வைத்த அட்டவணையில் பார்த்துக்கொள்ளலாம். அப்புறம் முட்டையைக் கொள்ளளவில் அளந்து கொட்டினால் போதும். மின்சாரம் வேண்டாம், எந்திரம் வேண்டாம். நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் பொரிப்பகங்கள் கைவிடாத கருவி அது. என்னைக் கேட்டால் அந்தக் கட்டடத்திலேயே மிகப் பெரிய பொருள் இந்தச் சின்ன வாய்க்கால்தான். பெரிய பிள்ளைக்குக் கணக்கு பிடிக்கும் என்றால் அங்கேயே நிறுத்தி, 40 முட்டை பிடித்தால் விட்டம் என்ன என்று கேளுங்கள்.

குஞ்சு பொரிந்ததும் நீந்தாது. வயிற்றில் மஞ்சள் கருப் பை தொங்க, தொட்டியின் அடியிலேயே கிடக்கும். பை கரைந்த பிறகுதான் மேலே வந்து வாய் திறக்கும். அந்தக் காலத்தில் அதற்குத் தீனி, கூழாக அரைத்த ஈரல். குதிரை இறைச்சியும் போட்டிருக்கிறார்கள். இப்போது இருப்பது போன்ற உலர்ந்த உருண்டைத் தீனி இருபதாம் நூற்றாண்டின் நடுவில்தான் பரவியது. அதுவரைக்கும் தினமும் இறைச்சி அரைக்கும் வேலை இருந்தது. கண்காட்சியில் அரவை எந்திரம் எதையாவது பார்த்து, இது சமையலறைச் சாமான் ஆயிற்றே என்று பிள்ளைகள் கேட்டால் பதில் இதுதான்.

அருங்காட்சியகத்தை விட்டு வெளியே வந்தால் ரயில் பெட்டி. மீன் ஏற்றிச் சென்ற ரயில் பெட்டியின் மாதிரி ஒன்றை அமைத்திருக்கிறார்கள், உள்ளே ஏறிப் பார்க்கலாம். சின்னப் பிள்ளைக்கு இதுதான் மிகவும் பிடிக்கப் போகிறது.

1881 முதல் 1947 வரை மீன் ஆணையமும் அதன் வாரிசுத் துறைகளும் மீனுக்கென்றே கட்டிய ரயில் பெட்டிகளை ஓட்டின. பயணிகள் வண்டியின் பின்னால் அதைக் கோத்து இழுத்துப் போவார்கள். பெட்டிக்குள் இருபுறமும் மீன் கேன்கள். 10 காலன் பிடிக்கும், பால்காரர்கள் வைத்திருப்பது போன்ற உலோகக் கேன், நம் கணக்கில் ஏறக்குறைய 38 லிட்டர். நடுவில் ஆட்கள் நடக்க வழி. அவர்கள் தூங்குவதும் சமைப்பதும் எழுதுவதும் எல்லாம் அதே பெட்டியில். தூக்கம் என்று பெரிதாகச் சொல்லவும் முடியாது. கேனில் அடைபட்ட மீனுக்கு மூச்சுக் காற்று தீர்ந்துகொண்டே இருக்கும். காற்றடிக்கும் பம்புகள் வருவதற்கு முன்னால், ஒவ்வொரு கேனாகத் தண்ணீரை அகப்பையால் மொண்டு உயரத்திலிருந்து திரும்ப ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். சூடான பாலை ஆற்றுவது போலத்தான், ஆனால் ராத்திரி பகலாக. கோடையில் பனிக்கட்டி வேறு போட வேண்டும். வண்டி நிற்கும் நிலையத்தில் மீன் கேட்டு விண்ணப்பித்தவர்கள் காத்திருப்பார்கள். அவர்களிடம் குஞ்சுகளை ஒப்படைத்தால், குதிரை வண்டியில் ஏற்றித் தங்கள் ஊர் ஓடைக்குக் கொண்டு போவார்கள்.

இந்தச் சிறப்புப் பெட்டிகள் வருவதற்கு முன்னால் நடந்த கதை ஒன்றை அங்கே நின்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். 1873 ஜூன் மாதம் லிவிங்ஸ்டன் ஸ்டோன் என்பவர் கிழக்குக் கரையிலிருந்து கலிஃபோர்னியாவுக்கு ஒரு ரயில் பெட்டி நிறைய மீனும் இன்னும் பல நீர்வாழ் உயிர்களும் கொண்டு போனார். நெப்ராஸ்காவில் எல்க்ஹார்ன் ஆற்றைக் கடக்கும்போது பாலம் உடைந்து பெட்டி ஆற்றுக்குள் விழுந்தது. ஸ்டோனும் அவருடைய உதவியாளர்களும் எப்படியோ தப்பிக் கரையேறினார்கள். மீன்கள் எல்க்ஹார்ன் ஆற்றில் கலந்தன. அவர் அதோடு விட்டுவிடவில்லை. சில வாரங்களுக்குள்ளேயே ஷேட் மீன் குஞ்சுகளை ஏற்றிக்கொண்டு மறுபடி கிளம்பி, கலிஃபோர்னியாவின் சாக்ரமென்டோ ஆற்றில் கொண்டுபோய் விட்டார். அந்தக் காலத்து மீன் ஆட்களின் மனம் இப்படிப்பட்டது. ஒரு குஞ்சு சாகாமல் போய்ச் சேர வேண்டும் என்பதற்காக எதையும் செய்வார்கள்.

பக்கத்திலேயே ஒரு படகு இருக்கும். யெல்லோஸ்டோன் ஏரியில் ஓடிய படகு. இங்கே கொஞ்சம் நின்று யோசியுங்கள், ஏனென்றால் இந்த இடத்தின் சிக்கலான பகுதி இதுதான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பூத்தின் பொறுப்பில் ஸ்பியர்ஃபிஷ் ஆட்கள் கோடைதோறும் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்குப் போய், அங்கே ஏரியில் வாழும் கட்த்ரோட் ட்ரவுட்டிடமிருந்து முட்டை எடுத்தார்கள். தொண்டைக்குக் கீழே சிவப்புக் கீறல் உள்ள மீன் அது, பெயரும் அதனால் வந்ததுதான். 1950-களில் நிறுத்தும் வரை அந்த ஏரியிலிருந்து எடுத்த முட்டைகள் 80 கோடிக்கும் மேல். நாடு முழுக்க அனுப்பினார்கள். இவ்வளவு எடுத்தால் ஏரியில் என்ன மிஞ்சும் என்ற கேள்வி அப்புறம்தான் வலுத்தது.

அந்தப் பூங்காவிலேயே 1890-ல் வேறொரு வேலையும் நடந்தது. லூயிஸ், ஷோஷோன் ஏரிகளில் ஏரி ட்ரவுட் என்கிற, வேற்று மீன்களை உண்ணும் பெரிய மீனை விட்டார்கள். அது 1994-ல் யெல்லோஸ்டோன் ஏரியிலும் தென்பட்டது. கட்த்ரோட் முட்டையிட ஓடைகளில் ஏறிவரும், கரடிக்கும் கழுகுக்கும் நீர்நாய்க்கும் அதுதான் உணவு. ஏரி ட்ரவுட் ஆழத்திலேயே கிடக்கும், அந்த விலங்குகளின் வாய்க்கு எட்டாது. கட்த்ரோட் எண்ணிக்கை சரிந்தது, அதை நம்பியிருந்த விலங்குகளும் திண்டாடின. இன்று அரசே வலை போட்டு ஏரி ட்ரவுட்டை லட்சக்கணக்கில் பிடித்து அழிக்கிறது. நல்லது செய்கிறோம் என்ற முழு நம்பிக்கையோடு ஒரு தலைமுறை விட்ட மீனை, அதே நம்பிக்கையோடு இன்னொரு தலைமுறை எடுக்கிறது.

இதை நான் சொல்வது பொரிப்பகத்தைக் குறை சொல்வதற்காக அல்ல. அழிவின் விளிம்பில் இருக்கும் பல மீன் இனங்கள் இன்று உயிரோடு இருப்பதற்கே பொரிப்பகங்கள்தான் காரணம். பூத்தும் அவருடைய ஆட்களும் பழகிய அதே கைத்திறமைதான் இப்போது அந்த வேலைக்கும் அடித்தளம். ஆனால் இரண்டையும் சேர்த்துப் பார்க்காவிட்டால் அந்தப் படகு வெறும் மரப்படகாகத் தெரியும். நாட்டின் பல பொரிப்பகங்களிலிருந்து சேர்த்த ஆவணங்களும் கருவிகளும் அங்கேயே ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அமெரிக்க மீன் வளர்ப்பின் நினைவு முழுக்க ஒரே இடத்தில் இருப்பதால்தான், செய்த தவறையும் திரும்பிப் பார்க்க முடிகிறது.

பூத் வீடு 1905-ல் கட்டியது. கண்காணிப்பாளர் தம் மனைவி ரூபியோடு வாழ்ந்த வீடு. தன்னார்வலர்கள் உள்ளே கூட்டிப்போய்க் காட்டுவார்கள், அந்தக் காலத்து அறைகலன்களோடு வைத்திருக்கிறார்கள். வீட்டுக்கும் குளத்துக்கும் இடையே தூரம் எவ்வளவு குறைவு என்பதை மட்டும் கவனியுங்கள். ராத்திரி தண்ணீர்க் குழாய் உறைந்தாலோ இலை அடைத்தாலோ, விடிவதற்குள் தொட்டி மொத்தமும் செத்துவிடும். அதனால் பொரிப்பகக்காரர் வீடு தண்ணீர் ஓசை கேட்கும் தூரத்தில் இருந்தாக வேண்டும். மாமியாருக்கு அந்தத் தோட்டமும் மரநிழலும் பிடிக்கும்.

இதெல்லாம் முடிந்த பிறகு குளத்துக்கு வாருங்கள். அங்கே தரைமட்டத்துக்குக் கீழே இறங்கிக் கண்ணாடி வழியாகத் தண்ணீருக்குள் பார்க்கும் இடம் ஒன்று இருக்கிறது. பெரிய பெரிய ட்ரவுட்டுகள் முகத்துக்கு நேரே நிற்கும். பிள்ளைகளை உடனே தீனி போடச் சொல்லாதீர்கள். முதலில் ஐந்து நிமிடம் சும்மா பார்க்கட்டும். மீன் எந்தப் பக்கம் முகம் வைத்து நிற்கிறது என்று கேளுங்கள். தண்ணீர் வரும் திசையைப் பார்த்துத்தான் நிற்கும். மூச்சும் இரையும் அந்தப் பக்கமிருந்துதான் வருகின்றன. செவுள் மூடி திறந்து மூடுவதை எண்ணச் சொல்லுங்கள். முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் நடுவே சின்னதாகச் சதைத் துண்டு போல ஒரு துடுப்பு இருக்கும், ட்ரவுட், சால்மன் குடும்பத்தின் அடையாளங்களில் ஒன்று அது. பொரிப்பகத்தில் வளர்ந்த மீன் என்று பிற்பாடு தெரிய வேண்டும் என்பதற்காகப் பல இடங்களில் அதையே வெட்டி அடையாளம் வைப்பதும் உண்டு. உடம்பின் பக்கவாட்டில் இளஞ்சிவப்புப் பட்டை ஓடினால் வானவில் ட்ரவுட். வெளிர் வளையத்துக்குள் கறுப்பும் சிவப்புமாகப் பொட்டுகள் இருந்தால் பழுப்பு ட்ரவுட். கீழ்த் துடுப்புகளின் ஓரம் வெள்ளைக் கோடு போட்டது போல இருந்தால் ஓடை ட்ரவுட்.

அப்புறம் மேலே ஏறித் தீனி போடலாம். அதற்கென்று காசு போடும் எந்திரங்கள் இருக்கின்றன, சில்லறை கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே கைப்பிடியாக வீசினால் பலமான நாலு மீன் மட்டும் தின்னும். நாலைந்து உருண்டையாக இடம் மாற்றி மாற்றிப் போட்டால் எல்லா மீனும் வரும், விளையாட்டும் நீளும். தண்ணீருக்குள் கை விட வேண்டாம், நம் கையின் சூடும் உலர்ந்த தோலும் மீன்மேல் இருக்கும் வழவழப்புப் படலத்தைக் கெடுத்துவிடும்.

போகும் காலம், நேரம் பற்றி. குளமும் தோட்டமும் வருடம் முழுக்கத் திறந்திருக்கும். அருங்காட்சியகமும் பூத் வீடும் பொதுவாக மே நடுவிலிருந்து செப்டம்பர் நடுவரைதான். நான் சொன்ன கதையெல்லாம் அந்தக் கட்டடங்களுக்குள்தான் இருப்பதால் அந்த மாதங்களில் போங்கள். நுழைவுக் கட்டணம் இல்லை. நன்கொடைப் பெட்டி இருக்கும், அதில் தாராளமாகப் போடுங்கள். காரணம் சொல்கிறேன். 1980-களில் மத்திய அரசு செலவைக் குறைத்தபோது இந்தப் பொரிப்பகத்தை மூடியது. ஊர் நகராட்சி எடுத்து நடத்தியது. 1989-ல்தான் வரலாற்றுப் பொரிப்பகமாக அரசின் மீன், வனவிலங்குத் துறையிடம் திரும்ப வந்தது. அதன் பிறகும் மூடும் பேச்சு வந்திருக்கிறது. ஊர் மக்களும் பூத் சொசைட்டி என்ற அமைப்பும் விடாமல் நின்றதால் தப்பியது. உங்களுக்குச் சுற்றிக்காட்டுகிறவர் பெரும்பாலும் சம்பளம் வாங்காத தன்னார்வலராக இருப்பார். ஓய்வு பெற்றவர்கள் நிறையப் பேர். அவர்களிடம் கேள்வி கேளுங்கள், அவசரப்பட வேண்டாம்.

ஆகஸ்ட் முதல் இரண்டு வாரங்களைத் தவிர்க்கப் பாருங்கள். பக்கத்து ஊரான ஸ்டர்ஜிஸில் மோட்டார்சைக்கிள் திருவிழா நடக்கும். லட்சக்கணக்கானவர்கள் வருவார்கள், அறை கிடைப்பது கஷ்டம், கிடைத்தாலும் விலை எகிறும். வானிலை அங்கே சொன்னபடி கேட்காது. 1943 ஜனவரி 22 காலையில் ஸ்பியர்ஃபிஷில் இரண்டே நிமிடத்தில் வெப்பநிலை 49 ஃபாரன்ஹீட் டிகிரி ஏறியது, மைனஸ் 20 செல்சியஸிலிருந்து 7 செல்சியஸுக்கு. உலக சாதனை அது. நீங்கள் போகும் கோடையில் அப்படி நடக்காது, ஆனால் மதியத்துக்கு மேல் இடி மழை, சில நாள் ஆலங்கட்டி மழைகூட உண்டு. எனவே காலையிலேயே போய்விடுங்கள். மாமியாருக்கு ஒரு மெல்லிய ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.

ரேபிட் சிட்டியிலிருந்து ஐ-90 நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 75 கிலோமீட்டர், ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். மவுண்ட் ரஷ்மோரிலிருந்து என்றால் ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ரஷ்மோரும் இதுவும் ஒரே நாளில் வேண்டாம், பிள்ளைகள் களைத்துவிடுவார்கள். ஒரு நாளை ஸ்பியர்ஃபிஷுக்கென்றே ஒதுக்குங்கள். காலையில் பொரிப்பகம். மதியச் சாப்பாட்டைப் பக்கத்திலேயே ஓடையை ஒட்டியிருக்கும் நகரப் பூங்காவில் வைத்துக்கொள்ளலாம், மேசையும் நிழலும் இருக்கும். மாமியார் அங்கேயே உட்கார்ந்துகொள்ளலாம், பிள்ளைகள் ஓடை ஓரம் விளையாடட்டும். அப்புறம் 14ஏ சாலையில் ஸ்பியர்ஃபிஷ் பள்ளத்தாக்குக்குள் காரை ஓட்டுங்கள். சுண்ணாம்புப் பாறைச் சுவர்களுக்கு நடுவே அதே ஓடை கூடவே வரும். பிரைடல் வெயில் அருவி சாலையிலிருந்தே தெரியும், இறங்கி நடக்க முடியாதவர்களுக்கும் சிரமமில்லை. ரஃப்லாக் அருவிக்குக் கொஞ்சம் நடக்க வேண்டும்.

அந்தச் சாலையில் எங்காவது ஓடைக்கு அருகில் நிறுத்தித் தண்ணீருக்குள் பாருங்கள். ஒரு பாறைக்குப் பின்னால், நீரோட்டத்துக்கு எதிராக முகம் வைத்து, அசையாமல் ஏதாவது நின்றால், காலையில் கண்ணாடி வழியாகப் பார்த்த அதே மீன்தான். பட்டையா, பொட்டா, வெள்ளைக் கோடா என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.